பழைய ஜீப்பும் அன்றாடப் பிரயாணமும்

போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம் முதலிய ஊர்களிலிருந்து பொழுது புலருமுன்பே ஏலத்தோட்டத் தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு, இடுக்கி மலைகளின்மீது வளைந்து வளைந்து ஏறி, மாலையில் அவர்களைத் திரும்ப அடிவாரத்தில் கொண்டுவந்து சேர்க்கும் ஜீப்புகளில், அவற்றை ஓட்டுகிற இளைஞரைவிட வயதில் மூத்தவை பல உண்டு. மழையிலும் சேற்றிலும் உழன்று, சட்டம் அனுமதிப்பதற்கு மேலாகவே ஆட்களைச் சுமந்து, அவை நாள்தோறும் போய்த் திரும்புகின்றன. அதே ரகத்து ஜீப் ஒன்றைச் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ உள்ள ஓர் உத்தியோகஸ்தர் ஆசைப்பட்டு வாங்கிப் புது வர்ணம் பூசிக் காரியாலயம் போய்வர உபயோகிக்கத் தொடங்கினால், வருஷம் திரும்புவதற்குள் அது பட்டறையே கதியென்று கிடப்பதையும் காண்கிறோம். ஒரே யந்திரம் ஓரிடத்தில் உழைப்பாளியாகவும் மற்றோரிடத்தில் நோயாளியாகவும் இருப்பதன் காரணம் விளங்கினால், பழைய ஜீப்பை அன்றாட வாகனமாக நம்பலாமா என்ற கேள்விக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

ஜீப்பின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்க ராணுவம் விரும்பியபடி 1940-இல் பாண்டம் என்ற சிறிய கம்பெனி முதல் மாதிரியைச் செய்துகாட்ட, வில்லிஸ் கம்பெனியும் போர்டு கம்பெனியுமாக 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து தள்ளின. பழுதானதைப் பழுதான இடத்திலேயே, கைவசமுள்ள சில ஸ்பானர்களைக் கொண்டு, சாமானியச் சிப்பாய் ஒருவன் சரிசெய்துகொள்ள வேண்டும் என்ற யுத்தகால நிர்ப்பந்தம் அதன் ஒவ்வோர் உறுப்பிலும் பதிந்திருந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் மகிந்திரா கம்பெனியார் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியபோது அந்த ஸ்வபாவமும் உடன் வந்தது. உயர்ந்த பானெட்டையுடைய சிஜே-3பி, பின்னாளில் பியூஜோ டீசல் எஞ்சினோடு வந்த எம்.எம். 540, மலைப்பாதைகளில் இன்றும் காணும் கமாண்டர், மேஜர் ஆகிய எல்லாம் அந்த வம்சத்துப் பிள்ளைகளே.

பழைய ஜீப் பழுதே ஆகாது என்று அதன் அபிமானிகள் சாதிப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இன்று விற்கும் எந்தக் காரோடு ஒப்பிட்டாலும் அது அதிகமாகவே பழுதாகிறது. அதன் விசேஷமெல்லாம் அந்தப் பழுதுகள் வரும் விதத்தில் இருக்கிறது. எஞ்சினின் சக்தியை அச்சுகளுக்குக் கொண்டுசெல்லும் சாப்டின் மூட்டிலுள்ள கிராஸ் தேய்ந்தால், வண்டி புறப்படும்போதும் கியர் மாற்றும்போதும் 'டக்' என்றொரு சத்தம் பல நாட்களுக்கு முன்பாகவே கேட்கத் தொடங்கும். சக்கர பேரிங் தளர்ந்தால் இரைச்சலாகவும், கிளட்ச் தட்டு தேய்ந்தால் மேட்டில் எஞ்சின் கூவினாலும் வண்டி இழுக்காத குறையாகவும் அறிவிப்பு வரும். இக்காலத்துக் காரோ வருஷக்கணக்காக ஒரு குறையுமின்றி ஓடிவிட்டு, எங்கோ ஒரு சென்சார் செத்த மாத்திரத்தில் நட்டநடு வழியில் நின்று, கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்காமல் காரணமும் சொல்ல மறுத்துவிடும். இவ்விரண்டில் எது மேல் என்பது, நிற்கும் இடம் கிண்டியா, கொழுக்குமலைப் பாதையா என்பதைப் பொறுத்த விஷயம்.

பழைய டீசல் எஞ்சினில் எண்ணெயை அளந்து பீய்ச்சும் பம்ப் முழுவதும் யந்திர ரீதியாகவே இயங்குவதால், ஒரு முறை உயிர்பெற்றுவிட்ட எஞ்சின் மின்சாரத்தின் தயவை எதிர்பார்ப்பதில்லை. பேட்டரி கைவிட்டாலும் இறக்கத்தில் உருட்டிக் கிளப்பிவிடலாம். டாங்கியில் டீசல் தீர்ந்து குழாயில் காற்று அடைத்துக்கொண்டால், நட்டைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றும் வித்தை மலைப்பாதை டிரைவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் இதிலும் வேற்றுமை உண்டு. டிராக்டர் வம்சத்தைச் சேர்ந்த, நேரடியாக டீசலைப் பீய்ச்சும் டி.ஐ. எஞ்சின் குளிரிலும் சாவியைத் திருப்பியதும் உறுமிக்கொண்டு எழும். பியூஜோ எஞ்சினோ, ஓட்டத்தில் அதைவிட மென்மையானதாயினும், காலையில் ஹீட்டர் பிளக் சூடேறும் வரையில் காத்திருந்தால்தான் எழும், ஒன்றிரண்டு பிளக்குகள் எரிந்துபோயிருந்தால் வெண்புகையைக் கக்கிக்கொண்டு பிடிவாதம் பிடிக்கும். மலைக்காரர் முன்னதையும் நகரவாசி பின்னதையும் விரும்புவது நியாயமே.

இனி, ஜீப் வைத்திருப்போர் எல்லோருக்கும் ஒருநாள் வந்தே தீரும் வியாதி ஒன்றைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கையில் முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியதும், ஸ்டியரிங் கைக்கடங்காமல் இடமும் வலமுமாக உதறத் தொடங்கி, வண்டியை அநேகமாக நிறுத்தினாலொழிய அடங்காது. முதன்முறை அனுபவிப்பவர் குலதெய்வத்தை நினைத்துக்கொள்வார். இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றல்ல. முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக விளங்கும் கிங் பின்னின் மேலும் கீழும் உள்ள பேரிங்குகள் தேய்ந்து, அவற்றை இறுக்கிவைக்கும் ஷிம் தகடுகளின் கணக்குத் தவறியிருக்கும். டை ராடு முனைகளில் ஆட்டம் விழுந்திருக்கும். ஸ்பிரிங் பட்டைகளின் புஷ்கள் தின்னப்பட்டிருக்கும். போதாக்குறைக்கு, அழகுக்காக மாட்டிய அகன்ற டயர்கள் அத்தனை உறுப்புகளின்மீதும் அதிகப்படியான பாரத்தை ஏற்றியிருக்கும். ஒவ்வொன்றும் தனியே அற்பமான தேய்மானம். எல்லாம் கூடியபோதுதான் உதறல் பிறக்கிறது. இதை அறியாத பட்டறைகளில் ஸ்டியரிங் டாம்பர் ஒன்றை மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். அது உதறலை மறைக்குமேயன்றித் தேய்மானத்தை நிறுத்தாது.

இந்தத் தேய்மானம் அனைத்துக்கும் விரோதி, கிரீஸ் துப்பாக்கி என்ற எளிய சாதனம். ஜீப்பின் கீழ்ப்புறத்தில் கிராஸ்களிலும் பட்டை ஷாக்கில்களிலும் டை ராடு முனைகளிலும் சிறு நிப்பிள்கள் இருக்கின்றன. பழைய கிரீஸ் பிதுங்கிப் புதியது எட்டிப்பார்க்கும் வரையில் அவற்றில் அடித்துக்கொண்டே வந்தால், அந்த உறுப்புகளின் ஆயுள் பன்மடங்காகிறது. பிழைப்பே வண்டியில் இருக்கிற மலைப்பாதை டிரைவர் இதைச் சவரம் செய்துகொள்வதைப் போல வாடிக்கையாகச் செய்துவிடுகிறார். நகரத்து உரிமையாளரோ, வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் விட்டால் போதும் என்று புதிய கார்கள் கற்பித்த வழக்கத்தை யுத்தகாலத்து வடிவமைப்பின்மீது சுமத்துகிறார். முதற்பாராவில் சொன்ன முரண்பாட்டின் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

மீதிப் பகுதி நகரத்தின் ஓட்ட முறையைச் சேர்ந்தது. வீட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்தப்படும் எஞ்சின் முழுச் சூடு அடைவதே இல்லை. எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கிக் கெடுதல் செய்கிறது. புறவழிச் சாலையில் ஏறினாலோ இதற்கு நேர்மாறான தொல்லை. வில்லிஸ் சிஜே ரகங்களில் பின் ஆக்சிலின் விகிதம் 5.38, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் டாப் கியரிலும் எஞ்சின் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றியாக வேண்டும். சேற்றில் பாரம் இழுப்பதற்கு இது வரப்பிரசாதம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சினை நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுகளுக்கு மேல் அலறவைக்கும்போது அதுவே சாபம். இவ்வண்டியின் இயல்பான வேகம் 60 கிலோமீட்டருக்குள் என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்ள இயலாதவர் இதை வாங்காமலிருப்பதே உத்தமம்.

நான்கு சக்கர ஓட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன் அச்சையும் பின் அச்சையும் விறைப்பாகப் பிணைத்துவிடும் இந்த அமைப்பை உலர்ந்த தார்ச்சாலையில் உபயோகித்தால், திருப்பங்களில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருப்பதால் கியர்களும் கிராஸ்களும் முறுக்குண்டு அவதிப்படும். ஆதலால் அந்த லீவரைத் தொடவே கூடாதென்று இருந்துவிடுவதும் பிசகு. மாதம் ஒரு முறையாவது மண் பாதையில் சிறிது தூரம் போட்டு ஓட்டினால்தான் உள்ளே எண்ணெய் பரவிச் சீல்கள் காயாமல் இருக்கும்.

பிரேக்கைப் பற்றி மழுப்புவதற்கில்லை. மிகப் பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த் தொடர். எங்காவது ஒரு சிலிண்டரில் கசிவு வந்தால் பெடல் முழுவதும் தரையோடு போய்விடும். டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் சில நேரம் பிடிமானமே இராது. ஏர்பேக் கிடையாது, பலவற்றில் சீட் பெல்ட்டும் கிடையாது, உயரமான உடல் திருப்பத்தில் சாயும். குழந்தைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதற்கு இது உகந்த வாகனமென்று நான் சொல்ல மாட்டேன்.

எஞ்சின், கியர் பாக்ஸ் ஆகியவற்றின் பழுதுகளெல்லாம் பணத்தாலும் பொறுமையாலும் தீர்பவை. வண்டியின் உண்மையான ஆயுளை நிர்ணயிப்பது சேஸிஸ் சட்டம். அந்தச் சட்டத்தின் பெட்டிபோல் மூடிய பகுதிகளுக்குள் சேறு புகுந்து, ஈரத்தைப் பிடித்துவைத்து, வெளியே வர்ணம் பளபளக்கையிலேயே உள்ளிருந்து அரித்துக்கொண்டுவரும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இதைத் துரிதப்படுத்தும். யுத்தத்திற்குப்பின் இரும்புக்குத் தட்டுப்பாடு நிலவிய இங்கிலாந்தில் 1948-இல் பிறந்த லாண்ட் ரோவரும், உடலை அலுமினியக் கலவையால் செய்துகொண்டு தப்பித்ததாகத் தோன்றினாலும், சேஸிஸ் இரும்பேயாதலால் இவ்வியாதியினின்றும் தப்பவில்லை. போதாததற்கு அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களிலெல்லாம் அலுமினியம் பொடியாக உதிர்கிறது. ஆயினும் டார்ஜிலிங் பக்கத்து மானேபஞ்சாங்கிலிருந்து 3636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்கு 1950-களின் லாண்ட் ரோவர்கள் இன்றைய தலைமுறையிலும் பிரயாணிகளை ஏற்றிச் சென்றிருக்கின்றன. அவற்றில் பலவற்றின் பானெட்டுக்குள் வேற்று எஞ்சின் குடியேறிவிட்டது என்பது வேறு கதை.

ஆகவே வாங்கப் போகிறவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுச் சொக்கிப்போவதற்கு முன், சிறு சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு அடியில் படுத்து, ஸ்பிரிங் ஷாக்கில் பொருந்தும் இடங்களையும் பின் குறுக்குச் சட்டத்தையும் தட்டிப் பார்க்கட்டும்; மந்தமான ஓசை கேட்கும் இடத்தில் இரும்பு மெலிந்திருக்கும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்ப்பதும் அவசியம். பதினைந்து வருஷம் கடந்த வண்டி ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டியிருப்பதால், அச்சமயத்தில் இந்த வேற்றுமை வெளிப்பட்டு அலைக்கழிக்கும்.

உதிரி பாகங்களுக்கு இன்னும் பஞ்சமில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் கிரவுன் பினியன் முதல் பானெட் கொக்கி வரையில் தேடிப் பிடித்துவிடலாம். கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்ளலாம். அருகிவருவது அவற்றைப் பொருத்தத் தெரிந்த கை. ஷிம் தகட்டை விரலால் தடவியே கனம் சொல்லும் மெக்கானிக்குகள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் பட்டறைக்கு வேலை பழக வரும் பையன்கள் புதிய கார்களின் பழுதைக் காட்டும் கம்ப்யூட்டர் ஸ்கானரைக் கற்றுக்கொள்ளவே ஆசைப்படுகிறார்கள், வருமானமும் அங்கேதான் இருக்கிறது என்பதால் அவர்களைக் குறைசொல்லவும் இடமில்லை. வீட்டுக்கு அருகில் அப்படிப்பட்ட மனிதர் ஒருவர் இருக்கிறாரா என்பதை விசாரித்த பின்பே வண்டிக்கு முன்பணம் கொடுக்கலாம்.