மின்னலை விஞ்சும் மெல்லிய சுவர்

காற்று ஒரு மின்கடத்தாப் பொருள் என்று படித்திருக்கிறீர்கள். ஆனால் மின்புலம் மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட்டை எட்டினால், அதன் காப்பு முறிந்து பொறி பறக்கும். இதைப்போல நான்கரை மடங்கு மின்புலம் இந்த நிமிடம் உங்கள் உடலுக்குள் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

கணக்கிட்டுப் பார்ப்போம். ஓய்வு நிலையிலுள்ள நரம்பு உயிரணுவின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் உள்ளது. டார்ச் விளக்கு மின்கலத்தின் 1.5 வோல்ட்டுடன் ஒப்பிட்டால் இது அற்பமே. ஆனால் உயிரணுவைச் சூழ்ந்த சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர்தான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் 2 லட்சத்தில் ஒரு பங்கு. 0.07 வோல்ட்டை இத்தடிமனால் வகுத்தால் மீட்டருக்கு 1 கோடியே 40 லட்சம் வோல்ட் கிடைக்கிறது! இவ்வளவு வலிய மின்புலத்தை இந்த மெல்லிய சுவர் எவ்வாறு தாங்குகிறது?

சுவரின் செங்கற்கள் லிப்பிடு என்னும் கொழுப்பு மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையும் இரண்டு வால்களும் உண்டு. தலையில் எதிர் மின்னூட்டம் கொண்ட பாஸ்பேட் தொகுதி இருக்கிறது. பல லிப்பிடுகளில் நேர் மின்னூட்டத் தொகுதி ஒன்றும் உடன் இருக்கும். வால்களில் மின்னூட்டம் இல்லை. அவை எண்ணெய் போன்றவை. நீர் மூலக்கூறிலும் ஒரு பக்கம் சற்று நேராகவும் மறுபக்கம் சற்று எதிராகவும் இருப்பதால், நீர் தலைகளை ஈர்க்கிறது. வால்களோ நீரிலிருந்து ஒதுங்குகின்றன. எனவே லிப்பிடுகள் இரண்டு அடுக்குகளாக, தலைகள் வெளியே நீரை நோக்கியும் வால்கள் நடுவிலும் அமைய அணிவகுக்கின்றன.

இந்த அமைப்பு ஒரு மின்தேக்கியே அல்லவா? இருபுறமும் உப்பு நீர், நடுவே எண்ணெய். 1925-ஆம் ஆண்டில் ஹ்யூகோ ஃபிரிக்கே என்ற இயற்பியலறிஞர் இரத்தச் சிவப்பணுக்களின் மின்தேக்குதிறனை அளந்து, அதிலிருந்து சவ்வின் தடிமன் 3.3 நானோமீட்டர் எனக் கணக்கிட்டார். நடுவிலுள்ள எண்ணெய்ப் பகுதி ஏறக்குறைய 3 நானோமீட்டர் என்று இன்று அறிவோம். சவ்வை நேரில் காணாமலேயே எவ்வளவு நெருங்கிவிட்டார், பாருங்கள்!

நீரின் மின்கடத்தா மாறிலி ஏறத்தாழ 80. எண்ணெயின் மாறிலி 2. சோடியம் போன்ற அயனி ஒன்று நீரின் அணைப்பை விட்டு எண்ணெய்க்குள் நுழைய மிகுந்த ஆற்றல் வேண்டும். ஆகவே அயனிகள், அவற்றுக்கென உள்ள புரதக் கதவுகள் வழியாகவன்றி உள்ளே போக முடிவதில்லை. சுவர் நிலைத்திருப்பதன் இரகசியம் இதுதான்.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. மின்னேற்றிய மின்தேக்கியின் தகடுகளுக்கு இடையே கண்ணாடித் தகட்டை அருகில் கொண்டு சென்றால் அது உள்ளே இழுக்கப்படும். மாறிலி மிகுந்த பொருளை மின்புலம் தன்னுள் இழுக்கிறது. சவ்வின் மின்னழுத்த வேறுபாடு 1 வோல்ட் அளவுக்கு உயர்ந்தால், இதே விசை நீரை எண்ணெய்க்குள் இழுக்கிறது. நீர் மெல்லிய இழையாகப் புகுகிறது. மின்னூட்டமுள்ள தலைகள் நீரைத் தொடர்ந்து உள்ளே திரும்பித் துளையின் ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன. சுவரில் வாயில் திறந்துவிட்டது! இதற்கு மின்துளையாக்கம் என்று பெயர்.

துடிப்பு மிகக் குறுகியதாயின் துளைகள் தாமே மூடிக்கொள்ளும். நீடித்தால் உயிரணு மடியும். உயரழுத்த மின்கம்பியைத் தொட்டவரின் தசைகள், தோலில் தீக்காயம் இல்லாத இடத்திலும் சிதைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொல்லும் இவ்விசையையே மனிதன் காக்கவும் பயன்படுத்துகிறான். 1982-இல் ஜெர்மனியைச் சேர்ந்த எபர்ஹார்ட் நோய்மான் குழுவினர் இம்முறையில் எலியின் உயிரணுக்களுக்குள் மரபணுவைச் செலுத்திக் காட்டினர். பிளியோமைசின் என்னும் புற்றுநோய் மருந்து சவ்வை எளிதில் கடக்காது. தோலில் தோன்றும் கட்டிகளில் சென்டிமீட்டருக்கு 1000 வோல்ட் அளவில், வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் துடிப்புகளைக் கொடுத்து, மருத்துவர்கள் அம்மருந்தை உள்ளே அனுப்புகின்றனர்.

வகுப்பில் மின்தேக்கிப் பாடம் வரும்போது, அத்தகைய மின்தேக்கிகள் கோடிக்கணக்கில் உங்களுக்குள்ளேயே இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சவ்வின் தடிமன் 10 நானோமீட்டராக இருந்தால் மின்புலம் எவ்வளவு இருக்கும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.