சொம்பும் கரண்டியும் சொல்லும் வரலாறு

பழம்பொருள் என்றவுடன் நாணயம், செப்பேடு, ஓலைச்சுவடி ஆகியவையே நம் நினைவுக்கு வரும். அடுக்களையில் கிடக்கும் சொம்பையும் கரண்டியையும் எவரும் பழம்பொருளாகக் கருதுவதில்லை. ஆனால், மக்கள் வாழ்க்கையை அறிய அரசர் நாணயத்தைவிட ஏழை வீட்டுச் சொம்பு பலசமயம் மிகுதியாக உதவும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இந்த உண்மையைக் கண்கூடாகக் காணலாம்.

வீட்டுப் பாத்திரங்களைத் தேடிச் சேர்ப்பது மேலைநாடுகளில் இன்று ஒரு தனிக் கலையாக வளர்ந்துள்ளது. அவற்றுள்ளும் 1950, 1960ஆம் ஆண்டுகளில் செய்த கரண்டி, முள், கத்திகளுக்குப் பெருமதிப்பு உண்டு. டென்மார்க்குக் கட்டடக் கலைஞர் ஆர்னே யாக்கப்சன் 1957இல் வடிவமைத்த கரண்டியில் பூவும் இல்லை, கொடியும் இல்லை. ஒரே வளைவுதான் உண்டு. 1968இல் வெளிவந்த ஒரு விண்வெளித் திரைப்படத்தில், வருங்கால மனிதர் உண்ணும் கருவியாக அதையே காட்டினார்கள். இங்கிலாந்தின் டேவிட் மெல்லர் 1965இல் அரசாங்க உணவகங்களுக்காகச் செய்த தொகுதியில், மரபான பதினோரு கருவிகளை ஐந்தாகக் குறைத்துவிட்டார். வேண்டாததை நீக்கினால் அழகு தானே தோன்றும் என்பதே அக்காலக் கலைஞர்தம் கொள்கை.

இந்தக் கொள்கை நமக்குப் புதியதன்று. 1958இல் இந்திய அரசின் அழைப்பை ஏற்று, அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லசு ஈம்சும் அவர் மனைவி ரே ஈம்சும் ஓர் அறிக்கை அளித்தனர். இந்தியாவில் தாம் கண்ட பொருள்களுள் தலைசிறந்ததாக அவர்கள் பாராட்டியது நாம் நாள்தோறும் கையாளும் சொம்பையே. எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பில் எப்படி அமரும், ஊற்றும்போது எப்படிச் சாயும், வெறுமையாக இருக்கையில் எப்படி நிற்கும் என்றெல்லாம் அவர்கள் ஆராய்ந்தனர். தனி ஒருவர் வரைந்த வடிவம் அன்று அது; தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டுத் திருந்திய வடிவம். அவ்வறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றியது. அதே நகரில் 1981இல் பாத்திரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் அமைந்தது.

இனிக் கேமரன் மலைக்கு வருவோம். 1885இல் வில்லியம் கேமரன் அளந்து சென்ற இம்மலைக்குத் தாப்பாவிலிருந்து பாதை அமைந்தபின் தோட்டங்கள் பெருகின. போ தோட்டம் 1929இல் தொடங்கியது. அன்று முதல் தோட்டத்தில் இருவகை வீடுகள் இருந்தன. ஒன்று துரை பங்களா; மற்றொன்று தொழிலாளர் லயம். பாத்திரங்களும் இருவகைப்பட்டன.

பங்களா மேசையில் வெள்ளிபோல் மின்னிய கரண்டிகளின் பின்புறத்தில் பெரும்பாலும் ‘இ.பி.என்.எஸ்.’ என்ற முத்திரை காணப்படும். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகத்தின்மேல் மின்சாரத்தால் வெள்ளி முலாம் ஏற்றியது என்பது அதன் பொருள். பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் 1840இல் இம்முறைக்கு உரிமை பெற்றது. அடியிலுள்ள உலோகத்துக்கு ‘நிக்கல் வெள்ளி’ என்று பெயர்; ஆனால் அதில் வெள்ளி இல்லை. நாம் சொல்லும் ‘எவர்சில்வ’ரும் அப்படியே. அது குரோமியம் கலந்த எஃகு. 1913இல் செபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகு செய்து காட்டினார். 18-8 என்ற எண் பொறித்திருந்தால், நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியம், எட்டுப் பங்கு நிக்கல் என்று கொள்க.

லயத்துப் பாத்திரங்களின் கதை வேறு. பித்தளைக் குடம், வெண்கலப் பானை, செம்பு, குத்துவிளக்கு ஆகியவை நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவை. பிறகு தோட்டக் கடைகளில் எனாமல் கோப்பையும் தூக்குச்சட்டியும் கிடைத்தன. எனாமல் என்பது இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பொடியை உருக்கிப் படியவைத்த பூச்சு. அது பெயர்ந்த இடத்தில் இரும்பு துருவேறும். தேத்தண்ணீர் கொண்டுபோன தூக்குச்சட்டிகள் பலவற்றின் விளிம்பு கறுத்திருப்பது இதனால்தான்.

ஈயத்தின் பயணம் இன்னும் வியப்பானது. பித்தளையில் புளியும் மோரும் பட்டால் களிம்பு ஏறும், அது நஞ்சு. ஆகவே பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தைத் துணியால் தேய்த்துப் பூசுவர். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு முழுவதும் வெள்ளீயமே. வெள்ளீயம் 232 பாகை வெப்பத்தில் உருகும். அதனால் நீர் ஊற்றாமல் ஈயச்சொம்பை அடுப்பில் ஏற்றலாகாது என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். அந்த வெள்ளீயத்தை உலகுக்கு மிகுதியாக அளித்த நாடுகளுள் மலாயா முன்னணியில் நின்றது. 1985இல் வெள்ளீய விலை சரியும்வரை, இம்மலையின் அடிவாரத்திலுள்ள கிந்தா பள்ளத்தாக்கு அதற்குப் புகழ்பெற்றிருந்தது.

இங்கே தமிழாசிரியர் கருதத்தக்க ஒன்று உண்டு. ‘ஈயம்’ என்னும் ஒரே சொல் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் குறிக்கிறது. இவற்றுள் காரீயம் உடலுக்குக் கேடு. பழைய பாத்திரத்தின் பூச்சு எவ்வகையினது என்று தெரியாவிட்டால் அதில் சமைக்காமல் இருப்பதே நன்று. சேர்ப்பது வேறு, பயன்படுத்துவது வேறு.

லயத்துப் பாத்திரங்களின் தனிச்சிறப்பு அவற்றின்மீதுள்ள எழுத்து. பெயர் வெட்டுவது தமிழர் வழக்கம். திருமணச் சீராக வந்த குடத்தில் கொடுத்தவர் பெயரும், சிலவற்றில் ஊரும் நாளும் இருக்கும். பங்களாக் கரண்டியில் செய்தவர் முத்திரை உண்டு. லயத்துச் சொம்பில் உடையவர் பெயர் உண்டு. தோட்டக் கணக்கேட்டில் வெறும் பெயராகவும் கூலியாகவும் நின்ற ஒருவர், தாம் பிறந்த ஊரைச் சொல்லும் இடம் ஒருவேளை இதுவாகவே இருக்கும்.

இவ்வெழுத்திலிருந்து காலத்தைக் கணிக்கலாம். சிற்றுளியால் புள்ளி புள்ளியாக வெட்டியது பழைய முறை. மின்கருவியால் கோடாக எழுதியது பிற்கால முறை. ‘லை’, ‘னை’ போன்றவை கொம்புள்ள பழைய வடிவில் இருந்தால், அது பெரும்பாலும் 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்குமுன் வெட்டியதாகலாம். ஆனால் பழகிய கை பழைய வடிவையே பின்னும் எழுதியிருக்கக்கூடும்; எனவே இது ஒரு குறிப்பே, முடிந்த சான்றன்று. தமிழ் ஆண்டுப்பெயரிலும் எச்சரிக்கை வேண்டும். ‘பிரபவ’ என்றிருந்தால் அது 1927ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. குடும்பம் வந்த ஆண்டை இதனோடு ஒப்பிட்டால் ஐயம் குறையும்.

இவை இன்று வேகமாக மறைந்து வருகின்றன. தோட்டப் பிள்ளைகள் படித்து நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். தேயிலை வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளரே மிகுதி. வீடு காலியாகும்போது பித்தளை எடைக்குப் போகிறது. எடைக்கு வாங்குபவருக்கு எழுத்தால் பயனில்லை. அழகுக்கு வாங்குபவரோ, வேற்றார் பெயர் தம் வீட்டில் எதற்கென்று மெருகுச் சக்கரத்தில் தேய்த்துவிடுவார். பாத்திரம் பளபளக்கும், ஆனால் வரலாறு போய்விடும். சுரண்டினால் முலாமும் போகும், எழுத்தும் போகும். ஆகவே பழம்பொருளைத் துலக்குவதில் ஆர்வத்தைவிட அடக்கமே சிறந்தது. மென்துணியும் வெதுவெதுப்பான நீரும் போதும்.

பிரிஞ்சாங் பகுதியில் பழைய வீட்டுப் பொருள்களைக் காட்சிக்கு வைத்த தனியார் கூடம் ஒன்று உண்டு. ஆயினும் எல்லாப் பாத்திரங்களும் கூடத்துக்குப் போக வேண்டுவதில்லை. கல்வெட்டறிஞர் கல்லைப் பெயர்த்து எடுத்துச் செல்வதில்லை; படியெடுத்துக்கொண்டு கல்லை அங்கேயே விடுகின்றனர். பள்ளிகளும் அவ்வாறே செய்யலாம். மெல்லிய தாளை எழுத்தின்மேல் வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பெயர் தாளில் தெளிவாக விழும். அதனுடன் உயரம், வாயகலம், எடை, உலோகம், உடையவர் சொல்லும் செய்தி ஆகியவற்றைக் குறித்து, உடையவர் இசைவு பெற்று ஏட்டில் சேர்த்துவைக்க வேண்டும். பாத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும்.

இதற்குப் பொருட்செலவு இல்லை. மாணவர்க்கு எழுத்து வரலாறும் உலோக அறிவியலும் அளவைக் கணக்கும் ஒரே பாடத்தில் வாய்க்கும். தம் கொள்ளுப்பாட்டியின் பெயரைத் தம் கையாலேயே தாளில் எழுப்பிக் கண்ட பிள்ளை, அச்சொம்பைப் பின்னொரு நாள் எடைக்குப் போடத் துணியாது. பாத்திரத்தைக் காக்கும் வழிகளுள் இதைவிட உறுதியானது வேறில்லை.