பழைய செல்போனில் எவ்வளவு தங்கம்? காயலான் கடைக்குப் போடும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க!

அம்பத்தூர்:

"பழைய டிவி, பழைய கம்ப்யூட்டர், பழைய பேட்டரி, உடைஞ்ச செல்போன் வாங்குறோம்..." என்று ஸ்பீக்கர் கட்டிய குட்டி யானை வண்டி ஆவடி, திருமுல்லைவாயல், பூந்தமல்லி பக்கம் எந்தத் தெருவுக்குள்ளும் காலையில் நுழைந்துவிடும். பத்து ரூபாய்க்குப் பேரம் பேசி, வீட்டுப் பரணில் கிடந்ததைத் தூக்கிப் போடுகிறோம். வண்டி போன பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "அதுக்குள்ள தங்கம் இருக்காமே!" என்று வயிற்றெரிச்சலைக் கிளப்புவார்.

தங்கம் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் எவ்வளவு என்று தெரியாததால்தான் ஒரு பக்கம் விற்பவர் ஏமாறுகிறார், இன்னொரு பக்கம் ஆசிட் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு சிலர் நுரையீரலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. கிலோ தெரிந்தால் போதும்.

5 செல்போனுக்கு ஒரு குண்டுமணி

நம்ம ஊரில் "குண்டுமணி தங்கம் கூட இல்லை" என்பார்கள். ஒரு குண்டுமணி ஏறக்குறைய 120 மில்லிகிராம் எடை. பட்டன் வைத்த பழைய மாடல் செல்போன் ஒன்றில், பேட்டரி நீங்கலாக, சுமார் 24 மில்லிகிராம் தங்கம் இருக்கும் என்று உலக அளவில் கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது 5 போனுக்கு ஒரு குண்டுமணி. அதே போனில் வெள்ளி 250 மில்லிகிராம், பல்லேடியம் என்ற விலை உயர்ந்த உலோகம் 9 மில்லிகிராம், செம்பு 9 கிராம்.

ஒரு சவரன் 8 கிராம். 24 மில்லிகிராமால் வகுத்துப் பாருங்கள். ஒரு சவரனுக்கு 333 போன் வேண்டும். அதுவும் ஒரு துளி கூட வீணாகாமல் எடுத்தால்! பரணில் கிடக்கும் இரண்டு போனை வைத்துக்கொண்டு மகள் கல்யாணத்துக்கு நகை செய்ய முடியாது.

ஆனால் டன் கணக்கில் பார்த்தால் கதை வேறு. ஒரு டன் செல்போனில் 340 கிராம் தங்கம். கோலார் தங்க வயல் நமக்குத் தெரியாததா? வட ஆற்காடு பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் போய் அந்தச் சுரங்கத்தில் பாறை உடைத்தார்கள். 2001-ல் அதை மூடும் காலத்தில் ஒரு டன் பாறையில் கிடைத்தது சில கிராம் மட்டுமே. அந்தச் சுரங்கத்தோடு ஒப்பிட்டால் குப்பைக்கூடை எவ்வளவோ மேல்.

ஜப்பான்காரர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக 2017 முதல் 2019 வரை நாடு முழுக்க மக்களிடம் பழைய மின்னணுப் பொருட்களை வாங்கினார்கள். 78,985 டன் சேர்ந்தது. அதில் செல்போன் மட்டும் 62 லட்சத்துக்கு மேல். கிடைத்த தங்கம் 32 கிலோ, வெள்ளி 3,500 கிலோ. சுமார் 5 ஆயிரம் பதக்கங்கள் இதிலேயே தயாரானது. 79 ஆயிரம் டன்னுக்கு 32 கிலோதானா என்று தோன்றும். எல்லாக் குப்பையிலும் ஒரே அளவு தங்கம் இல்லை என்பதுதான் காரணம். காயலான் கடைக்காரருக்குத் தெரிந்த, நமக்குத் தெரியாத ரகசியமும் அதுதான்.

எதில் எவ்வளவு?

கம்ப்யூட்டர் மதர்போர்டு ஒரு கிலோ எடுத்தால் அதில் சுமார் 250 மில்லிகிராம் தங்கம், ஒரு கிராம் வெள்ளி, 110 மில்லிகிராம் பல்லேடியம். டிவிக்குள் இருக்கும் போர்டில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் தங்கம் மட்டுமே. டிவிடி பிளேயர் என்றால் முழு சாதனத்தின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். கால்குலேட்டர் 50. செல்போன் 350.

ஆக, ஒரு சவரன் தங்கம் 32 கிலோ மதர்போர்டில் இருக்கிறது. அதே சவரனுக்கு டிவி போர்டு 400 கிலோ வேண்டும்!

இதில் ஒரு எச்சரிக்கை. இவை 2000-களில் வந்த சாதனங்களை வைத்துப் போட்ட கணக்கு. தங்கம் விலை ஏற ஏற, கம்பெனிகள் முலாமை மெல்லிசாக்கிக்கொண்டே போகின்றன. அதனால் புது போர்டுக்கு இந்த எண்ணைப் பாதியாக வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும்.

தங்கம் ஒளிந்திருக்கும் இடமும் தெரிய வேண்டும். ரேம் கார்டின் ஓரத்தில் வரிசையாக மஞ்சள் பட்டை தெரிகிறதே, அது தங்க முலாம். நல்ல கார்டில் கூட அதன் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். புராசஸரின் பின்கள், கனெக்டர் பின்கள், கறுப்பு சிப்புக்குள் இருக்கும் முடியை விட மெல்லிய கம்பிகள் என்று பல இடத்தில் சிதறிக் கிடக்கிறது. மஞ்சளாக மின்னுவது எல்லாம் தங்கமும் இல்லை. வெறும் பித்தளையும் மின்னும்.

கலைஞர் டிவியில் என்ன இருக்கு?

2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் தமிழகம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கு மேல் டிவி கொடுத்தார்கள். எல்லாம் பின்பக்கம் குண்டாக இருக்கும் பிக்சர் டியூப் டிவி. அதில் பாதி இன்னும் யார் வீட்டு மாடிப்படிக்கு அடியிலாவது கிடக்கும். இதில் தங்கத்தைத் தேடாதீர்கள். டியூபின் கழுத்தில் சுற்றிய காயிலிலும், டியூபைச் சுற்றி ஓடும் வளையத்திலும் இருக்கும் செம்புதான் காசு. டியூப் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உடைத்தால் நமக்குத்தான் கேடு.

சில வருஷத்துக்கு முன்பு, பழைய டிவி, ரேடியோவில் "சிவப்பு பாதரசம்" இருக்கிறது, லட்சக்கணக்கில் போகும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி ஓடியது ஞாபகம் இருக்கா? அப்படி ஒரு பொருள் எந்த டிவியிலும் கிடையாது. 2009-ல் சவுதி அரேபியாவில் இதே புரளி தையல் மிஷினில் இருப்பதாகக் கிளம்பி, பழைய மிஷினுக்கு அடித்துப் பிடித்து விலை கொடுத்தார்கள். ஊர் மாறினாலும் புரளி மாறுவதில்லை!

2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை இப்போது ஒவ்வொன்றாக மூச்சை விடுகின்றன. லேப்டாப் போர்டு சின்னதுதான் என்றாலும் டிவி போர்டோடு சேர்த்துப் போடக் கூடாத சரக்கு. அதன் பேட்டரியைக் குத்தினாலோ நசுக்கினாலோ தீப்பிடிக்கும். மூட்டைக்குள் அப்படியே போட்டு வண்டியில் ஏற்றுவது வெடிகுண்டை ஏற்றுவது மாதிரி.

40 கம்ப்யூட்டர்... ஒரு கணக்கு

அம்பத்தூரில் மூடிய ஒரு பிரவுசிங் சென்டரில் 40 மதர்போர்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று 600 கிராம் என்றால் மொத்தம் 24 கிலோ. கிலோவுக்கு 250 மில்லிகிராம் வீதம் 6 கிராம் தங்கம். கணக்குக்குச் சுலபமாக ஒரு கிராம் 10 ஆயிரம் ரூபாய் என்று வையுங்கள். காகிதத்தில் 60 ஆயிரம் ரூபாய். இன்றைய விலையை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இந்த 60 ஆயிரமும் கைக்கு வருமா? வராது. நகைக்கடையில் சேதாரம், கூலி என்று கழிப்பது போல இங்கேயும் கழிவு உண்டு. வாங்குபவர் அதை இன்னொருவருக்கு விற்கிறார். அவர் டன் கணக்கில் சேர்த்துப் பெரிய உருக்காலைக்கு அனுப்புகிறார். அங்கே போர்டைப் பொடியாக்கி, மாதிரி எடுத்து, புடம் போட்டுத்தான் உண்மையான அளவைப் பார்ப்பார்கள். வண்டிக் கூலி, உருக்கும் செலவு, ஒவ்வொரு கைக்கும் லாபம் எல்லாம் போகும். போர்டு புதுசாக இருந்தால் 6 கிராமே 3 கிராம் ஆகலாம். ஆனாலும் அந்த 24 கிலோவை இரும்போடு சேர்த்து இரும்பு விலைக்குப் போடுவது சுத்த முட்டாள்தனம்.

பேரம் பேசும் இடத்தில் பலரும் கோட்டை விடுவது கலந்து போடுவதில்தான். டிவி போர்டு, மதர்போர்டு, ரேம், போன் எல்லாம் ஒரே மூட்டை என்றால், இருப்பதிலேயே மட்டமான விலைதான் மொத்தத்துக்கும் போடுவார்கள். ரேம் தனி, புராசஸர் தனி, மதர்போர்டு தனி, டிவி போர்டு தனி என்று நாலு குவியல் போட்டுவிட்டு விலை கேளுங்க. குரலே மாறும். அலுமினிய ஹீட் சிங்க், இரும்புத் தகடு, டிரான்ஸ்பார்மர் மாட்டிய போர்டை எடை போட்டுத் தங்கக் கணக்குப் போடாதீர்கள். அந்த எடையில் தங்கம் இல்லை.

அடகுக்கடை காரட் மீட்டரில் போர்டை வைத்துப் பார்த்து "22 காரட் காட்டுது" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. அந்த மிஷின் மேல்தோலை மட்டும்தான் பார்க்கும். முலாமுக்கு அடியில் என்ன இருக்கிறது, எடையில் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

எஸ்டேட்டில் தங்கத்தை விட வெள்ளி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன்களுக்கு இது புதுசு இல்லை. மோட்டார் பேனலில் இருக்கும் காண்டாக்டர், ரிலே இவற்றின் பாயிண்ட்டுகள் வெள்ளிக் கலவை. பல பாயிண்ட்டுகளில் 100-க்கு 85 முதல் 90 பங்கு வரை வெள்ளி. மதர்போர்டில் மில்லிகிராம் கணக்கில் தேடும்போது, பெரிய காண்டாக்டரில் கண்ணுக்குத் தெரிகிற துண்டாகவே வெள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும். லேத், பிரஸ், கம்ப்ரசர் நிறைந்த மேற்குச் சென்னையில் கைக்கு எட்டும் விலை உயர்ந்த உலோகம் என்று கேட்டால் நான் தங்கத்தைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். ஆனால் பழைய காண்டாக்டர் முழுசாகப் பிளாஸ்டிக் விலைக்கும் இரும்பு விலைக்கும் போவதுதான் வழக்கம்.

இதையும் வீட்டில் உருக்கக் கூடாது. பழைய பாயிண்ட்டுகளில் வெள்ளியோடு காட்மியம் கலந்திருக்கும். அந்தப் புகை நேராக நுரையீரலைத் தாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஆசிட் ஊற்றினால் முக்கால்வாசி போச்சு!

யூடியூப் பார்த்துவிட்டு ராஜ திராவகம் கலக்கிப் போர்டை ஊற வைப்பவர்கள் இருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் கேட்க மாட்டார்கள். சரி, லாபக் கணக்கையே பார்ப்போம்.

2000-களின் நடுவில் பெங்களூருவில் இப்படிச் சின்னச் சின்ன இடங்களில் ஆசிட் வைத்துத் தங்கம் எடுப்பவர்களிடம் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் போய் அளந்து பார்த்தார்கள். போர்டில் இருந்த தங்கத்தில் அவர்கள் கைக்கு வந்தது கால்வாசிதான். வெளியே தெரியும் முலாம் மட்டும் கரைந்து வருகிறது. சிப்புக்குள் இருப்பது, கழுவும் தண்ணீரில் போவது எல்லாம் நஷ்டம். பல்லேடியம் மொத்தமும் குப்பைக்கு. பெல்ஜியத்தில் ஹோபோகன் என்ற ஊரில் இருக்கும் பெரிய உருக்காலை இதே போர்டில் 95 சதவீதத்துக்கு மேல் தங்கத்தை எடுக்கிறது. "போர்டை நீங்கள் பிரித்துக் கொடுங்கள், உருக்குவதை ஆலை பார்த்துக்கொள்ளட்டும்" என்று அந்தத் தொழிலாளர்களை வைத்தே பெங்களூருவில் ஒரு முயற்சியும் நடந்தது.

நம் 24 கிலோ கணக்கில் வைத்துப் பாருங்கள். 6 கிராமில் ஆசிட்காரருக்கு ஒன்றரை கிராம். அதில் ஆசிட் விலை போக வேண்டும், ஆஸ்பத்திரிச் செலவும் போக வேண்டும். நைட்ரிக் ஆசிட் பொங்கும்போது வரும் பழுப்புப் புகையைச் சுவாசித்தால் அப்போது ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். போர்டை எரித்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு கிளம்பும். ஈயத் தூசி படிந்த சட்டையோடு வீட்டுக்குப் போனால் பாதிப்பு முதலில் குழந்தைக்கு. மிச்ச ஆசிட்டைக் கால்வாயில் ஊற்றினால் அது எங்கே போகும்? கொரட்டூர் ஏரிக்கும் கூவத்துக்கும்தான். ஏற்கெனவே அந்த ஏரியில் கலக்கும் கழிவுக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போயிருக்கிறது.

சட்டம் என்ன சொல்லுது?

மின்னணுக் கழிவுக்கென்று தனி விதிகள் 2012 மே மாதம் முதல் அமலில் இருக்கின்றன. இப்போது நடப்பில் இருப்பது 2022-ல் கொண்டுவந்து 2023 ஏப்ரல் 1-ந் தேதி அமலான விதிகள். மறுசுழற்சி செய்பவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெரிய அளவில் பயன்படுத்தும் கம்பெனிகள், அலுவலகங்கள் பதிவு பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். அதனால் உங்க கம்பெனி கம்ப்யூட்டரை மொத்தமாக ஏலம் எடுக்கிறேன் என்று யாராவது வந்தால், பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி இணையதளத்தில் சரிபார்ப்பது பர்ச்சேஸ் பிரிவின் வேலை.

வீட்டு சரக்கு என்றால் வண்டி வருவதற்கு முன்பே வீட்டுத் தராசில் ஒரு முறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். போனில் சிம் கார்டு, மெமரி கார்டு இருந்தால் உருவிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் என்றால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்க. அதில் தங்கம் கொஞ்சம்தான், உங்க பேங்க் விவரமும் குடும்ப போட்டோவும்தான் நிறைய.