பேதை நாற்றும் குட்டை நெல்லும்

பயிர் உயர்ந்து வளருமாயின் விளைவும் பெருகும் என எண்ணுவது இயல்பு. யப்பானிய நெல்லுழவரின் அனுபவம் வேறு. அவர்தம் நாற்றுமேடைகளிற் சில நாற்றுக்கள் ஏனையவற்றை விஞ்சி விரைவாக நெடிதோங்கும், வெளிறி மெலியும், பெரும்பாலும் மடியும். தப்பி நிற்பனவும் பதரையே தரும். இந்நோயை அவர்கள் 'பக்கானே' என்றனர். பேதை நாற்று என்பது அதன் பொருள். பொருத்தமான பெயரே.

ஒரு பங்கசு இதனை விளைக்கின்றது என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே புலனாயிற்று. ஆயின், பங்கசு நாற்றை நீளச்செய்வது எங்ஙனம்? தைவானிற் பணியாற்றிய குரோசாவா அப்பங்கசைத் திரவ ஊடகத்தில் வளர்த்தார். பின்பு பங்கசை அறவே நீக்கி, எஞ்சிய திரவத்தை மட்டும் நோயற்ற நாற்றுக்களுக்கு ஊட்டினார். அவையும் அவ்வாறே நெடிதோங்கின. எனவே நாற்றை நீட்டியது பங்கசு சுரந்த ஒரு பொருளே என 1926இல் அவர் வெளியிட்டார். 1935இல் யபுத்தா அதற்கு ஜிபரெலின் எனப் பெயரிட்டார். 1938இல் அவரும் சுமிக்கியும் அதனைப் பளிங்குருவிற் பெற்றனர்.

இதனினும் வியப்பானது பின்னர் வெளியாயிற்று. 1958இல் அவரையினம் ஒன்றின் இளவித்துக்களிலிருந்தே இங்கிலாந்தில் ஜிபரெலின் பிரித்தெடுக்கப்பட்டது. அஃதாவது, இது தாவரம் தனக்கெனத் தானே ஆக்கும் ஓமோன். பங்கசு அதனை அளவின்றி ஊட்டியது, அவ்வளவே. தண்டின் கலங்களில் வளர்ச்சியைத் தடுத்துநிற்கும் சில புரதங்கள் உண்டு. ஜிபரெலின் அவற்றை அழியச்செய்ய, கலங்கள் நீள்கின்றன. முளைக்கும் வாற்கோதுமை வித்திலும் முளையம் இவ்வோமோனைச் சுரந்தே மாப்பொருளை வெல்லமாக்கும் நொதியத்தைத் தோற்றுவிக்கின்றது.

மிகுதியாற் கெடுதி விளையுமெனில், குறைவால் யாது விளையும்? பழைய நெட்டை நெல்லினங்கள் நைதரசன் பசளையை மிகுதியாகப் பெற்றால், கதிரின் பாரந் தாங்காது சாய்ந்துவிடும். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், தைவானின் குட்டை நெல்லொன்றை இந்தோனேசிய நெட்டை நெல்லுடன் கலந்து உருவாக்கிய ஐ.ஆர்.8 என்னும் இனத்தை 1966இல் வெளியிட்டது. அது சாயாது நின்று பெருவிளைவு தந்தது. அக்குட்டைத்தன்மையின் காரணம் 2002இலேதான் தெளிவாயிற்று: ஜிபரெலினை ஆக்கும் நொதியமொன்றின் மரபணு அதிற் பழுதுபட்டிருந்தது. தண்டிற்கு ஓமோன் குறைந்தது. பூக்களிலோ அதனையொத்த வேறொரு மரபணு அவ்வேலையைச் செய்வதால், நெல்மணி குறையவில்லை.