மலைநாட்டு அடுப்பில் வெண்சாறு

பன்றி எலும்பைப் பல மணிநேரம் கொதிக்கவைத்து எடுக்கப்படும் தொன்கொட்சு என்னும் ஜப்பானியச் சாறு, பால் ஒரு துளியும் சேராமலே பால்நிறம் கொள்கிறது. ராமென் நூடில்ஸுக்கு ஊற்றப்படும் இச்சாறு, கியூஷூ தீவின் தாழ்நிலத்து நகரங்களில் உருவானதால், அதற்குரிய சமையற்குறிப்புகள் நீர் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் என்று கொண்டே எழுதப்பட்டிருக்கின்றன. நுவரெலியா மாவட்டத்தின் பூண்டுலோயாவிலோ, அதைச் சூழ்ந்து மேலேறிச் செல்லும் தேயிலைத் தோட்டங்களின் லயங்களிலோ அதே குறிப்பை மணிக்கணக்குப் பிசகாமல் பின்பற்றினாலும் சாறு சற்று மெலிந்தே வருவதற்கு மலைநாட்டின் குறைந்த காற்றழுத்தமே காரணம்.

1937ஆம் ஆண்டு கியூஷூவின் குருமே நகரில் மியாமோத்தோ தொக்கியோ என்பவர் தொடங்கிய நான்கின் சென்றியோ என்னும் தெருக்கடையிலேயே பன்றி எலும்புச் சாறு ராமெனுக்கு முதன்முதலாகப் பயன்பட்டது என்பர்; அன்று அது கலங்காத சாறாகவே இருந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1947இல், அதே நகரின் சன்க்யூ என்னும் கடையில் பானை கவனிப்பாரின்றிக் கடுங்கொதியில் நெடுநேரம் கிடந்துவிட, சாறு வெளுத்துக் கலங்கியது என்றும், கொட்டிவிட எண்ணிய கடைக்காரர் சுவைத்துப் பார்த்து வியந்தார் என்றும் கூறப்படுகிறது.

அந்தப் பானைக்குள் ஒன்றுக்கொன்று வேறான இரண்டு வேலைகள் நடந்தன. முதலாவது வெப்பத்தின் வேலை. எலும்பையும் தோலையும் தசைநாரையும் கட்டி நிறுத்தும் கொலாஜன் என்னும் புரதம், மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்காக அமைந்தது. நீரில் நெடுநேரம் வேகும்போது முறுக்கு அவிழ்ந்து, இழைகள் ஜெலட்டின் என்னும் பொருளாக நீரில் கரைகின்றன. உதட்டில் ஒட்டும் பசையும் நாவில் உணரப்படும் கனமும் இந்த ஜெலட்டினால் வருபவை. இரண்டாவது அசைவின் வேலை. உருகி மிதக்கும் கொழுப்பைக் கொதிக்கும் நீரின் குமிழிகள் ஓயாமல் அடித்து நுண்துளிகளாக உடைக்கின்றன. கரைந்த ஜெலட்டின் ஒவ்வொரு துளியின்மேலும் போர்வையாகப் படிந்து, அவை மீண்டும் ஒன்றுகூடாமல் தடுக்கிறது. இத்தகைய கலவையைக் குழம்பம் என்பர். எண்ணற்ற துளிகள் தம்மேல் விழும் ஒளியின் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிப்பதால், சாறு தேங்காய்ப்பாலைப் போல வெண்மையாகத் தோன்றுகிறது. தேங்காய்ப்பாலும் அவ்வாறு அமைந்த ஒரு குழம்பமே. மெல்லிய தீயில் வைத்த சாறு தெளிவாகவே இருப்பதற்கும், தளதளவென்று கொதித்தது வெளுப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

உயரம் இவ்விரண்டில் ஒன்றை மட்டுமே தாமதப்படுத்துகிறது. ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் நீரின் கொதிநிலை இறங்குவதால், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா நகரில் நீர் 94 பாகையை ஒட்டியே கொதிக்கும். 1,200 மீற்றர் உயரத்து லயத்தில் 96 பாகை. தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பானையின் நீர் அதற்குமேல் சூடேறாது. ஆகவே கொலாஜன் அவிழ்வது மெதுவாகிறது. குமிழிகளோ 94 பாகையிலும் 100 பாகையில் போலவே பொங்குவதால் கொழுப்பு உடைவதில் குறையில்லை. விளைவாக, மலைநாட்டில் சாறு வெளுத்த பின்னும் போதிய ஜெலட்டின் இறங்காமல் இருக்கக்கூடும். நிறத்தைக் கண்டு இறக்கிவிட்டால் சற்று நேரத்தில் கொழுப்பு மேலே பிரிந்துவிடும். ஒரு கரண்டிச் சாற்றைத் தட்டில் ஆறவிட்டு, அது கட்டியாக உறைகிறதா என்று பார்த்து முடிவு செய்வதே இங்கு நம்பத்தக்க சோதனை.

குருமேயின் முறைப்படி பத்துப் பன்னிரண்டு மணிநேரம் கொதிக்கவைப்பதென்றால், கவ்வாத்துக்குப் பின் சுமந்து வந்து அடுக்கிய மிலாறு பெருமளவு ஒரே நாளில் எரிந்துபோகும். எரிவாயு அடுப்பாயின் செலவு இன்னும் கூடும். இதற்குப் பிரஷர் குக்கரே தக்க வழி. மூடிய கலத்தில் நீராவி அழுத்தம் ஏறுவதால் நீரின் கொதிநிலையும் ஏறும். வெளிக்காற்றைவிட ஒரு வளிமண்டல அளவு மிகையான அழுத்தம் தரும் குக்கர் கொழும்பில் 120 பாகையையும் நுவரெலியாவில் 117 பாகையையும் எட்டும் என்பதால், உயரத்தின் குறை பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது. ஆயினும் அழுத்தம் குமிழிகளை அடக்கிவிடுவதால் குக்கருக்குள் சாறு அதிகம் அசைவதில்லை. இரண்டு மணிநேரத்திற்குப் பின் திறந்தால் ஜெலட்டின் நிறைந்திருக்கும், வெண்மை போதாது. எனவே அழுத்தம் முழுதும் அடங்கிய பின் மூடியைக் கழற்றி, இளகிய எலும்புகளைக் கரண்டியால் நசுக்கி, மேலும் ஒரு மணிநேரம் திறந்த நிலையில் கடுங்கொதியில் வைக்க வேண்டும். அடிப்பிடிக்காமல் கிளறுவதும், குறையும் நீரைக் கொதிநீராலேயே நிரப்புவதும் அவசியம்.

எலும்பின் தேர்வு எளிது: பிளந்த தொடையெலும்பு மச்சையையும் கொழுப்பையும் தரும், தோலுடன் கூடிய பன்றிக்கால் ஜெலட்டினைத் தரும், இரண்டும் வேண்டும். சுத்தம் செய்வதில்தான் பொறுமை தேவைப்படுகிறது. சில மணிநேரம் குளிர்நீரில் ஊறவைத்து, புதுநீரில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்த நீரை முழுவதும் கொட்டிவிட்டு, எலும்பின் பொந்துகளில் உறைந்த கருங்குருதியைச் சுரண்டிக் கழுவ வேண்டும். எஞ்சிய குருதி சாற்றைப் பழுப்பாக்கி நாற்றமும் ஏற்றும். கழுவிய எலும்பை நீருடன் குக்கரின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாமல் நிரப்ப வேண்டும். இஞ்சி, பூண்டு, நுவரெலியாத் தோட்டங்களின் லீக்ஸ் ஆகியவற்றைத் திறந்த கொதியின்போது சேர்த்தால் மணம் கெடாது.

சாற்றில் உப்பிடுவதில்லை. உப்பும் சுவையும் தரே என்னும் செறிந்த கரைசலாகத் தனியே ஆயத்தமாகி, பரிமாறும் கிண்ணத்தில்தான் சாற்றுடன் கலக்கின்றன. ஜப்பானியர் இதில் இடும் கட்சுவோபுஷி என்பது சூரை மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்தியது. மலையகத்தின் எந்தக் கடையிலும் கிடைக்கும் மாசியும் அதே மீனை ஏறத்தாழ அவ்வாறே பதப்படுத்தியது. இக்கெதா கிக்குனாயே 1908இல் கடற்பாசியிலிருந்து குளூட்டமேற்றையும், கொதாமா ஷின்தாரோ 1913இல் கட்சுவோபுஷியிலிருந்து இனோசினேற்றையும் சுவைக்குரிய பொருள்களாக அடையாளம் கண்டனர். இரண்டும் சேரும்போது சுவை தனித்தனியே தருவதைவிடப் பன்மடங்கு உயர்கிறது. சோயா சோஸில் முன்னதும் மாசியில் பின்னதும் இருப்பதால், இடித்த மாசியைச் சோயா சோஸில் இளஞ்சூட்டில் வைத்து வடித்தாலே, சம்பலுக்காக வீட்டிலிருக்கும் பொருளைக் கொண்டே மிகச் சிறந்த தரே அமைகிறது. 300 மில்லிலீற்றர் சாற்றுக்கு 30 மில்லிலீற்றர் போதும்.

மிஞ்சும் சாறு குளிர்ந்த இரவில் தானே உறைந்துவிடும் என்று பானையோடு வெளியே விட்டுவைப்பது ஆபத்தானது, ஏனெனில் பெரிய பானையின் நடுப்பகுதி மெதுவாக ஆறுவதால், வெதுவெதுப்பில் பெருகும் நுண்ணுயிர்களுக்கு அது ஏற்ற இடமாகிறது. அகன்ற சிறு பாத்திரங்களில் பகிர்ந்து, குளிர்நீரில் நிறுத்தி விரைவாக ஆற்றி, குளிரூட்டியில் வைக்க வேண்டும். மறுநாள் சூடாக்கும்போது, மேலே படிந்த கொழுப்பை அகற்றாமல் சில நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டால், அது மீண்டும் சாற்றுக்குள் கலந்து பழைய வெண்மை திரும்பிவிடும்.