அரிப்பில் ஒரு கிரேக்க மாளிகை: தெரியுமா?

ஏதென்ஸ் வரை போகாமலே டோரிக் தூணைத் தொட்டுப் பார்க்கலாம், தெரியுமா? மன்னாரிலிருந்து தெற்கே, சிலாவத்துறைப் பாதையில் அரிப்புக் கடற்கரைக்குப் போனால் போதும்! ஏதென்ஸின் பார்த்தினன் கோயில் எந்தப் பாணியோ, அங்குள்ள பழைய மாளிகையும் அதே பாணி. என்ன, அங்கே பளிங்கு, இங்கே செங்கல். காரை உதிர்ந்த இடமெல்லாம் செங்கல் வரிசை பல்லைக் காட்டுகிறது. மேலே பூசியிருப்பது சிப்பி சுட்ட சுண்ணாம்பு!

கட்டியவர் இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த். அவருடைய அப்பா யார் தெரியுமா? அமெரிக்கா கைநழுவிப் போனபோது இங்கிலாந்தின் பிரதமராக இருந்த அதே நோர்த் பிரபு! மகனுக்கோ கிரேக்கப் பித்து. மொழியைக் கற்றதோடு நிற்கவில்லை. 1791இல் கோர்ஃபு தீவில் கிரேக்கத் திருச்சபையிலேயே சேர்ந்துவிட்டார். 1798இல் ஆளுநராகக் கொழும்பு வந்தவரின் கண் முத்து வருமானத்தில் விழுந்தது. முத்துச் சிப்பி வளரும் கடலடிப் பார்கள் அரிப்புக்கு நேர் எதிரே. முத்துக்குளிப்பை மேற்பார்வையிடத் தங்குமிடம் வேண்டுமே? 1801இல் தொடங்கி 1804க்குள் மாளிகை எழுந்தது.

அதே 1801இல் ஏதென்ஸில் என்ன நடந்தது? எல்ஜின் பிரபுவின் ஆட்கள் பார்த்தினன் சிற்பங்களைப் பெயர்க்கத் தொடங்கினார்கள்! ஒரு பிரித்தானியப் பிரபு அங்கே டோரிக் கோயிலைக் கழற்ற, இன்னொரு பிரபு வீட்டுப் பிள்ளை இங்கே டோரிக் தூண் நாட்டியிருக்கிறார்.

ரொம்பப் பெரிய அரண்மனை என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு தளம், சின்னச் சின்ன அறைகள், அவ்வளவுதான். ஆனாலும் தீவிலேயே மிக அழகான கட்டடம் இதுதான் என்று 1807இல் வெளிவந்த தம் நூலில் பாதிரியார் ஜேம்ஸ் கோர்டினர் மெச்சியிருக்கிறார்.

சுற்றுப்புறந்தான் வேடிக்கை! குளிப்புக் காலத்தில் கீழக்கரை, காயல்பட்டினத்திலிருந்தெல்லாம் குளிகாரர் வந்து குவிவார்கள். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டும் ‘கடல்கட்டி’ இல்லாமல் ஒருவரும் கடலில் இறங்கமாட்டார்கள். அந்த மந்திரவாதிக்கு அரசே கூலி கொடுத்தது, நம்புவீர்களா? எடுத்த சிப்பியைக் ‘கொட்டு’ எனும் அடைப்பில் குவித்து, சதை அழுகி, புழு நெளிந்த பிறகே முத்தைப் பொறுக்குவார்கள். அந்த நாற்றம் கிரேக்க மாடத்துக்கு மட்டும் ஏறாமலா இருந்திருக்கும்?

1805இல் இலங்கையை விட்டுப் போன நோர்த்துக்குப் பித்து மட்டும் தெளியவில்லை. 1824இல் கோர்ஃபுவில் அயோனியன் அகாடமியைத் தொடங்கினார். கிரேக்க மண்ணில் நவீன உயர்கல்விக்கு அதுவே முன்னோடி. பாடமும் கிரேக்க மொழியிலேயே. பண்டைக் கிரேக்கர் பாணி அங்கி உடுத்தித் தலைமை வகித்தாராம். 1827இல் இலண்டனில் காலமானார்.

அரிப்பு மாளிகையின் கடலோரப் பக்கத்தை அலை தின்றுவிட்டது; மிச்சமும் சரிந்துகொண்டிருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் விளிம்பில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். வழி தெரியாவிட்டால், ஊராரிடம் டோரிக், நோர்த் என்றெல்லாம் இழுக்க வேண்டாம். அல்லிராணி கோட்டை எங்கே என்று கேளுங்கள். அவர்களுக்கு அது கதைகளில் வரும் தமிழ் ராணி அல்லியின் வீடு.