நெட்டைத் திரையும் குட்டைத் திரையும்

2001 ஜூன் மாதம். நிண்டெண்டோவின் 'கேம் பாய் அட்வான்ஸ்' அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போகலாம். முந்தைய கேம் பாய்களைவிடப் பல மடங்கு வேகம். புதுக் கருவி வாங்குகிறவர் புது விளையாட்டைத்தானே தேடுவார்? ஆனால், அறிமுக நாளன்றே அலமாரியில் இருந்த கார்ட்ரிட்ஜ்களில் ஒன்று, இருபது வருடப் பழைய சரக்கைத் தைரியமாக விற்றது. 'நாம்கோ மியூசியம்' என்று பெயர். உள்ளே இருந்தவை ஐந்தே ஐந்து: கேலக்ஸியன், கேலகா, மிஸ் பேக்-மேன், டிக் டக், போல் பொசிஷன். எல்லாமே 1979 முதல் 1982 வரை காசு போட்டு ஆடும் ஆர்கேட் பெட்டிகளில் வந்தவை. அந்தக் கார்ட்ரிட்ஜ் சக்கைப்போடு போட்டது. அந்தக் கருவி சந்தையில் இருந்தவரை விற்றுக்கொண்டே இருந்தது.

இன்று இப்படிப்பட்ட தொகுப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. 'நூறு விளையாட்டு, ஐந்நூறு விளையாட்டு' என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறார்கள். எண்ணிக்கையை வைத்து ஒரு தொகுப்பை எடைபோட முடியாது. எனக்கு அளவுகோல் ஒன்றுதான்: பழைய பெட்டியின் திரையைப் புதிய கருவியின் திரைக்குள் எப்படிக் குடிவைத்திருக்கிறார்கள்?

நாம்கோவின் கதையே கொஞ்சம் வேடிக்கையானது. 1955இல் மசாயா நகாமுரா என்பவர் யோகோஹாமாவில் ஒரு பல்பொருள் அங்காடியின் மொட்டை மாடியில் குழந்தைகள் ஏறி ஆட இரண்டு மரக்குதிரைகளை வைத்தார். அங்கே தொடங்கிய நிறுவனம் 1974இல் அடாரியின் ஜப்பான் கிளையை விலைக்கு வாங்கி வீடியோ விளையாட்டுக்குள் நுழைந்தது. 1980இல் தோரு இவாதானி வடிவமைத்த பேக்-மேனை வெளியிட்டு உலகத்தையே வளைத்துப் போட்டது.

அந்தக் காலத்து நாம்கோ பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் டி.வி. குழாயை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்திருப்பார்கள். பேக்-மேனின் திரை 224 பிக்சல் அகலம், 288 பிக்சல் உயரம். கேலகாவுக்கும் டிக் டக்குக்கும் இதே அளவுதான். கேம் பாய் அட்வான்ஸின் திரையோ 240 பிக்சல் அகலம், 160 உயரம். அகலத்துக்குப் பிரச்சினை இல்லை, தாராளமாக இடமிருக்கிறது. உயரத்தில்தான் கிட்டத்தட்டப் பாதி துண்டு விழுகிறது.

மிஸ் பேக்-மேனில் இந்தச் சங்கடம் அப்பட்டமாகத் தெரியும். எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட கட்டங்களால் ஆனது அதன் புதிர்ப்பாதை. மேலிருந்து கீழாக 31 கட்டங்கள். கார்ட்ரிட்ஜில் இரண்டு வழிகள் கொடுத்திருந்தார்கள். ஒன்று, முழுப் பாதையையும் சுருக்கித் திரைக்குள் அடக்குவது. அப்போது ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது ஐந்து பிக்சல்தான். புள்ளி எது, சுவர் எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, பழைய அளவிலேயே விட்டுவிட்டு, நாம் மேலே போகப் போகத் திரையும் நம்மோடு நகர்வது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், 31 வரிசைகளில் ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது 20 வரிசைதான்.

மீதி 11 வரிசை தெரியாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்கலாம். முழுகித்தான் போகும். சிவப்புப் பேய் நேராக நம் முதுகைப் பிடித்துக்கொண்டு வரும். பிங்க் நிறப் பேய் நாம் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைத்து மடக்கும். ஆரஞ்சுப் பேய் தூரத்தில் இருக்கும்வரை துரத்திக்கொண்டு வந்து, எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கியதும் தன் மூலையைப் பார்த்துத் திரும்பிவிடும். நாலாபக்கமும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் கணக்குப் போடுவதுதான் இந்த விளையாட்டே. திரையில் மூன்றில் ஒரு பங்கை மறைத்தால் அந்தக் கணக்கு போய், வெறும் ஓட்டம்தான் மிஞ்சும். ஆகவே, கண் வலித்தாலும் சுருக்கிய திரைதான் நியாயமானது என்பேன்.

கண்வலிக்கு இன்னொரு காரணமும் உண்டு. முதலில் வந்த கேம் பாய் அட்வான்ஸில் திரைக்கு விளக்கே கிடையாது. ஜன்னலோரமோ டியூப்லைட்டுக்குக் கீழேயோ உட்கார்ந்தால்தான் ஆட முடியும். கேலக்ஸியன், கேலகா இரண்டும் நடப்பதோ விண்வெளியில், பின்னணி முழுக்கக் கறுப்பு. அதில் நம் முகம்தான் பளிச்சென்று தெரியும்! 2003இல் விளக்கு வைத்த 'எஸ்.பி.' மாடல் வந்த பிறகுதான் இந்தத் தொகுப்புக்கு விமோசனம்.

சிறிய திரையிலும் குறைவில்லாமல் நின்றது கேலகா. மேலே அணிவகுத்து நிற்கும் பூச்சிப் படையின் தலைவன் கீழே இறங்கி, ஒரு கதிர்வலையை விரித்து நம் விமானத்தை இழுத்துக்கொண்டு போகும். ஒரு உயிர் போச்சு என்று கைவிடக் கூடாது. சிறைப்பட்ட விமானத்தோடு அந்தத் தலைவன் மறுபடி கீழே பாயும்போது குறிபார்த்து அவனை மட்டும் அடித்தால், நம் விமானம் விடுபட்டு இறங்கி, இப்போது ஆடும் விமானத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரட்டைத் துப்பாக்கி! கூடவே, எதிரி அடிப்பதற்கான இடமும் இரு மடங்கு. குறி தவறி நம் விமானத்தையே சுட்டுவிட்டால் அதுவும் போச்சு. கையில் இருக்கும் உயிரைத் தெரிந்தே பணயம் வைக்கச் சொல்லும் இந்தச் சூதாட்டம், 1981இல் ஒரு காசு போட்டு ஆடும் பெட்டிக்குள் இருந்தது என்பது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

டிக் டக்கும் தேறியது. மண்ணைக் குடைந்து போய், காற்றடித்து அரக்கர்களை வெடிக்க வைக்கும் விளையாட்டு. நாம் நடந்தால்தான் இசை ஒலிக்கும்; நின்றால் இசையும் நிற்கும். காதில் மாட்டிக்கொண்டு ஆடிப் பாருங்கள், பயமே அந்த மௌனத்தில்தான் இருக்கிறது என்று புரியும்.

போல் பொசிஷன் கதை தலைகீழ். ஐந்தில் அகலத் திரைக்கென்றே பிறந்தது அது ஒன்றுதான். திரை பொருந்தியது; கை பொருந்தவில்லை. அசல் பெட்டியில் ஸ்டியரிங் இருந்தது, கியர் இருந்தது, காலுக்கு மிதி இருந்தது. ஃபுஜி மலையைப் பார்த்துக்கொண்டு வளைவில் திருப்புவதுதான் சுகமே. அதைக் கட்டைவிரல் பட்டனில் செய்யும்போது கார் வெட்டி வெட்டித் திரும்புகிறது. இதைத் தொகுப்பில் சேர்த்ததே வெறும் பெயருக்காகத்தான்.

இந்தக் கார்ட்ரிட்ஜ் மீது அன்று வந்த பெரிய புகார், அதிகபட்ச ஸ்கோரை அது சேமிக்காது என்பது. கருவியை அணைத்தால் எல்லாம் காலி. காசு கொடுத்து வாங்கியவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால், அசல் மிஸ் பேக்-மேன் பெட்டியும் அப்படித்தான். ராத்திரி கடைக்காரர் மெயினை அணைத்தால், பகலெல்லாம் யாரோ காசைக் கொட்டிச் சேர்த்த ஸ்கோர் அத்தோடு அழிந்துபோகும்.

பெட்டியைத் திருப்பு!

திரைப் பிரச்சினைக்கு உருப்படியான தீர்வு, கருவியையே நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பிடிப்பதுதான். 2005இல் சோனியின் பி.எஸ்.பி.க்கு வந்த 'நாம்கோ மியூசியம் பேட்டில் கலெக்‌ஷன்' அதற்கு வழி செய்தது. பி.எஸ்.பி.யின் 480க்கு 272 திரையைத் திருப்பினால் 224க்கு 288 பேக்-மேன் ஒரு பிக்சல்கூடக் குறையாமல் உட்காரும். ஆனால், பட்டன்கள் இருக்கக் கூடாத இடத்துக்குப் போய்விடும், கை கோணிக்கொள்ளும்.

2017இல் நிண்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த நாம்கோ மியூசியத்தில்தான் திருப்பிய திரை, வசதியான பிடி இரண்டும் கூடி வந்தன. ஸ்விட்சில் கைப்பிடிகளைக் கழற்றலாம், திரையை மட்டும் திருப்பி நிறுத்தலாம். அதற்கென்றே ரசிகர்கள் பணம் போட்டு 2018இல் 'ஃப்ளிப் கிரிப்' என்ற ஒரு பிளாஸ்டிக் சட்டத்தையும் செய்துகொண்டார்கள். திருப்பிய திரையில் டிக் டக்கின் ஒரு பிக்சலுக்குக் குறைந்தது மூன்று பிக்சல் கிடைக்கிறது. கையில் ஏந்தும் கருவியில் அசல் பெட்டிக்கு இவ்வளவு பக்கத்தில் வந்த டிக் டக் அதற்கு முன் அபூர்வம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு பழைய உறவும் இருக்கிறது. தொண்ணூறுகளில் டி.வி.யில் மாட்டி ஆடிய மஞ்சள் டேங்க் விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? செங்கல் சுவரை இடித்துக்கொண்டு, கழுகுச் சின்னத்தைக் காப்பாற்ற அண்ணனும் தம்பியும் சண்டை போட்டது? அது 1985இல் நாம்கோ செய்த 'பேட்டில் சிட்டி'. அதன் தொடர்ச்சியாக 1991இல் ஆர்கேடுக்கு வந்த 'டேங்க் ஃபோர்ஸ்' இந்த ஸ்விட்ச் தொகுப்பில் இருக்கிறது.

காணாமல் போன நாயகி

ஆனால், மிஸ் பேக்-மேன் அந்தத் தொகுப்பில் இல்லை. காரணம் தொழில்நுட்பம் இல்லை, பத்திரங்கள். அந்த விளையாட்டை உருவாக்கியது நாம்கோ அல்ல; எம்.ஐ.டி.யில் படித்த இளைஞர்கள் தொடங்கிய ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன். பேக்-மேன் பெட்டிக்குள் பொருத்தும் கூடுதல் பலகையாக 'கிரேஸி ஓட்டோ' என்ற பெயரில் செய்து, பேக்-மேனை அமெரிக்காவில் விற்ற மிட்வேயிடம் கொண்டுபோனார்கள். அதுதான் மிஸ் பேக்-மேன் ஆனது. ஆகவே, ஒவ்வொரு பிரதிக்கும் அவர்களுக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு பின்னாளில் 'அட்கேம்ஸ்' என்ற நிறுவனத்தின் கைக்குப் போக, 2019இல் பண்டாய் நாம்கோ (நாம்கோவின் இன்றைய வடிவம்) வழக்குப் போட்டது. 2022இல் வந்த 'பேக்-மேன் மியூசியம் பிளஸ்' தொகுப்பில் அந்த விளையாட்டு இல்லை. அதில் இருந்த 'பேக்-லேண்ட்' விளையாட்டிலும் மிஸ் பேக்-மேன் வர வேண்டிய இடத்தில் 'பேக்-மாம்' என்று வேறொரு அம்மாவை நிறுத்திவிட்டார்கள்.

அந்த வகையில் 2001இன் ஐந்து விளையாட்டுக் கார்ட்ரிட்ஜுக்கு இன்று தனி மதிப்பு. விளக்கு வைத்த பழைய கேம் பாய் கையில் இருந்தால், மிஸ் பேக்-மேனுக்கும் கேலகாவுக்குமாகத் தேடி வாங்குங்கள். போல் பொசிஷனை எதிர்பார்த்து வாங்காதீர்கள். புதிதாக வேறு தொகுப்பு வாங்குவதாக இருந்தால், எத்தனை விளையாட்டு என்று எண்ணுவதற்கு முன் திரையை நெட்டுக்குத்தாகத் திருப்ப வசதி இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இல்லையென்றால் ஐந்நூறு இருந்தும் பிரயோஜனமில்லை.